மிதிப்பதா, அடக்குவதா: புது இன்ஜினின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

சேலம், நாமக்கல் பக்கம் புதுக் கார் எடுப்பவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கோயில் வாசலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டி வீட்டுக்கு வந்து நிற்பதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுபதைத் தாண்டக் கூடாது, இன்ஜின் செட் ஆக வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆரம்பத்திலேயே நன்றாக மிதித்து ஓட்டு, இல்லாவிட்டால் வண்டி கடைசிவரை மந்தமாகத்தான் போகும் என்பது மறு கட்சி. காரோடு வரும் கையேடு இந்த இரண்டையுமே சொல்வதில்லை. அதைத் திறந்து பார்ப்பவர்களும் குறைவு.

‘ரன்னிங் இன்’ பற்றிய இந்தச் சச்சரவு மோட்டார் வண்டி ஓடும் ஊரெல்லாம் உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்குத் தனி நிறம் இருக்கிறது. நாமக்கல் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் கேஸ் டேங்கர்களுக்கும் பெயர் பெற்ற ஊர். சங்ககிரியும் லாரி ஊர்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட இந்தியாவரையும் ஆப்பிரிக்காவரையும் போகின்றன. இங்கே பல குடும்பங்களில் காருக்கு முன்பே லாரி வந்துவிட்டது. எனவே புதுக் காருக்குச் சொல்லப்படும் விதிகள் பலவும் லாரியிலிருந்தும் லேத் பட்டறையிலிருந்தும் இறங்கி வந்தவையாக இருக்கலாம். எந்த விதி எந்த இன்ஜினுக்காகப் பிறந்தது என்று பிரித்துப் பார்த்தால் சச்சரவில் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதிக்கு இன்றும் உறுதியான விடை இல்லை.

சிலிண்டருக்குள் நடப்பது

கண்ணாடிபோல் வழுவழுப்பான சிலிண்டர் சுவர் நல்லது என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. ஹோனிங் கல்லால் தேய்க்கும்போது சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் வேண்டுமென்றே விடப்படுகின்றன. அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்குகிறது. மேடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய்கின்றன. சில மணி நேரத்தில் மேடுகளின் நுனி மழுங்கி, பள்ளங்கள் அப்படியே நிற்க, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன. மெக்கானிக்குகள் ‘ரிங் செட் ஆகிவிட்டது’ என்பது இதைத்தான்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் இறுக்கம் மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ அவ்வளவு வாயு அழுத்தம். அவ்வளவு பலமாக ரிங் சுவரில் பதியும். பாரமே இல்லாமல் நீண்ட நேரம் ஓடினால், மேடுகள் மழுங்குவதற்கு முன்பே வெந்த ஆயில் பள்ளங்களில் படிந்து சுவரை மெழுகிவிடக்கூடும். இதற்குக் கிளேசிங் என்று பெயர். அப்படி ஆன இன்ஜின் ஆயில் குடிக்கும், புகை தள்ளும், சுவரை மறுபடி ஹோன் செய்தால்தான் சரியாகும்.

மறுபுறம், பாரமும் சூடும் அளவுக்கு மீறினால், இன்னும் மழுங்காத மேடுகள் ஆயில் படலத்தைக் கிழித்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிடும். சுவரில் கீறல் விழும். ஆக, இரண்டு கட்சிகளும் அஞ்சும் ஆபத்துகள் இரண்டுமே மெய்யானவை. எந்த ஆபத்து எந்த இன்ஜினுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது.

தேய்மானத்தை ஆராய்வோர் இந்தத் தொடக்கக் கட்டத்தைத் தனியாகவே கவனித்திருக்கிறார்கள். பரப்பின் மேடு பள்ளங்களை ஒரு வளைகோடாக வரைந்து, எவ்வளவு பகுதி பாரம் தாங்கும் என்று காட்டும் முறையை அபாட், ஃபயர்ஸ்டோன் இருவரும் 1933-இல் முன்வைத்தார்கள். இன்றைக்கும் ஹோனிங்கின் தரத்தை அளக்க அந்த வழி பயன்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிளாவ், இரு பரப்புகள் பழகும்போது உராய்வு மாறும் விதம் ஒன்றல்ல, பலவகை என்று காட்டினார். பொருள், ஆயில், பாரம், முடிப்பு இவற்றில் எது மாறினாலும் அந்த வடிவம் மாறும். எல்லா இன்ஜினுக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கு சொல்பவர்களை இந்த ஒரு முடிவே தயங்க வைக்க வேண்டும்.

அடக்கி ஓட்டச் சொன்ன காலம்

மெதுவாக ஓட்டும் விதி மூடநம்பிக்கையாகப் பிறக்கவில்லை. பழைய இன்ஜின்களில் கிராங்க் தண்டைத் தாங்கிய பேரிங்குகள் மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, கையால் சுரண்டிப் பொருத்தப்பட்டவை. சிலிண்டர் துளையின் முடிப்பும் இன்றைய நுட்பத்துக்கு வெகு தூரம். ஆயிலில் தேய்மானம் தடுக்கும் சேர்மங்கள் மிகக் குறைவு. அத்தகைய இன்ஜினை முதல் நாளே விரட்டினால் பேரிங் உருகி ஓடும் வாய்ப்பு நிஜமாகவே இருந்தது. தொழிற்சாலையில் முடியாத கடைசி வேலையை ஓட்டுநர் சாலையில் முடித்துக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தியாவுக்கு இந்த விதி வண்டிகளோடு சேர்ந்தே வந்தது. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறு உரு. பிரீமியர் பத்மினி ஃபியட் 1100-இன் வழி வந்தது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் 1954 முதல் லாரி செய்தது. ஐரோப்பிய வண்டிகளின் கையேடுகள் சொன்ன ரன்னிங் இன் ஒழுங்கு இங்கே அப்படியே பின்பற்றப்பட்டது. புது வண்டியின் பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று ஒட்டிக்கொண்டு இடது ஓரமாகப் போவதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. அந்த நாளில் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார் அது.

இந்தக் கட்சியின் பலவீனம், அது பாதுகாக்க நினைத்த பாகங்களே மாறிவிட்டன என்பது. கையால் சுரண்டிய வெள்ளை உலோகத்தின் இடத்தில் துல்லியமான ஓடு பேரிங்குகள் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஹோனிங்கிலேயே மேடுகளின் நுனியை முன்கூட்டி மழுக்கிவிடும் ‘பிளாட்டோ’ முறை பரவலாகிவிட்டது. அதாவது, முன்பு நாம் முதல் சில நூறு கிலோமீட்டரில் செய்த வேலையில் ஒரு பங்கை இன்று கல்லே முடித்து அனுப்புகிறது.

ஆனாலும் விதி சாகவில்லை. இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு காரணம் லேத் பட்டறை என்று ஊகிக்க இடமுண்டு. லாரி இன்ஜின் ஒரு தடவை போட்டு ஓட்டி எறிவதல்ல. லைனர் மாற்றுவார்கள், ரீபோர் அடிப்பார்கள், ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அப்படிப் பிரித்துச் சேர்த்த இன்ஜின் உண்மையிலேயே ‘டைட்’ ஆகத்தான் இருக்கும். அதன் இடைவெளிகள் மெக்கானிக்கின் கையையும் அன்றைய கல்லையும் பொறுத்தவை. முதலில் லோடு குறைத்து ஓட்டு என்று அவர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ரீபோர் அடித்த லாரிக்குப் பொருந்திய அந்த வாக்கு, தலைமுறை கடந்து, ஷோரூமிலிருந்து வரும் காரின் மேலும் ஏறிக்கொண்டது. அதற்குப் பட்டறை மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது.

சேசிஸ் ஓடி வந்த வழி

அடக்கு, மிதி என்ற வாதத்தில் யாரும் அதிகம் எடுத்துப் பேசாத ஒரு சாட்சி நாமக்கல்லில் இருக்கிறது.

லாரி வாங்குவது என்றால் இங்கே நெடுங்காலம் சேசிஸ் வாங்குவது என்றுதான் பொருள். கேபின் இல்லை, பாடி இல்லை. இன்ஜினும் சட்டமும் சக்கரமும் ஒரு தற்காலிக இருக்கையும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு, திறந்த சேசிஸை வரிசையாக ஓட்டிவரும் டிரைவர்கள் நம் நெடுஞ்சாலைகளின் பழைய காட்சி. ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பினால் நாமக்கல் சேர 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வந்தால் சில நூறு கிலோமீட்டர்.

இதன் பொருள் என்ன? கையேடுகள் உயிர்நாடி என்று சொல்லும் அந்த முதல் ஆயிரம் கிலோமீட்டரை முதலாளி பார்த்ததே இல்லை. அதை ஓட்டியவர் கூலிக்கு வந்த சேசிஸ் டிரைவர். ஓடியது லோடு இல்லாமல். வந்து சேர்ந்த சேசிஸ் பாடி கட்டும் பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கும். இடம் மாற்ற மட்டும் ஸ்டார்ட் செய்வார்கள். குளிர்ந்த இன்ஜின் சில நிமிடம் ஓடி அணையும். பாடி முடிந்து, ஆர்.டி.ஓ. பதிவு முடிந்து, அதன் பிறகுதான் முதல் லோடு. ஒரு காலத்தில் அந்த முதல் லோடு, அனுமதித்த எடையைத் தாண்டியதாகவும் இருந்திருக்கும்.

பாரம் இல்லாவிட்டால் ரிங் செட் ஆகாது என்ற கொள்கையின்படி பார்த்தால் இந்த லாரிகளில் பெரும்பகுதி கிளேசிங் ஆகி ஆயில் குடித்திருக்க வேண்டும். முதல் நாளே முழு லோடு ஏற்றினால் கெட்டுவிடும் என்ற கொள்கையின்படி பார்த்தாலும் நிலைமை மோசமாகவே இருந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்ததாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய லாரிகளின் மேல்தான் இந்த ஊரின் தொழில் எழுந்தது.

இதிலிருந்து அவசரமாக ஒரு முடிவுக்குத் தாவக் கூடாது. வெறும் சேசிஸ் என்றாலும் அது சில டன் எடையுள்ளது. அன்றைய டீசல் இன்ஜினின் திறன் நூறு குதிரையைச் சற்றே தாண்டியது. வழியில் மலைப்பாதையும் மேடும் வரும்போது அதற்குப் பாரம் தானாகக் கிடைத்தது. வேகமும் கியரும் மாறிக்கொண்டே இருந்தன. எனவே அந்தப் பயணம் வெறும் ஓட்டம் அல்ல, மிதமான பாரத்தில் நடந்த ரன்னிங் இன் என்று வாதிடலாம். இன்னொரு எச்சரிக்கை: நம் நினைவில் நிற்பவை நீடித்து ஓடிய வண்டிகள். சீக்கிரமே இன்ஜின் இறக்கிய வண்டிகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தாலும் காரணம் முதல் ஆயிரமா, பிந்தைய ஓவர்லோடா, கலப்பட டீசலா என்று பிரிக்க வழியில்லை.

ரிக் வண்டியின் கதை இதற்கு நேர் எதிர். அதன் கம்பிரசரை ஓட்டும் டீசல் இன்ஜினுக்குக் கிலோமீட்டரே கிடையாது, மணிக்கணக்குதான். துளை போடத் தொடங்கியதும் பாறையை உடைக்கக் காற்றழுத்தம் முழுசாக வேண்டும். புது இன்ஜின் என்று பாறை இரக்கம் காட்டாது. அடக்கி ஓட்டும் கட்சிக்கு இதைவிடச் சங்கடமான உதாரணம் கிடைப்பது அரிது. ஆனால் ரிக் இன்ஜின் நிலையான வேகத்தில், நல்ல குளிர்விப்போடு, கனமான பாரத்துக்கென்றே செய்யப்பட்டது. ஒரு சின்னக் காரின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அதை அளவுகோலாக்க முடியாது.

அழுத்தம் வேண்டும் என்போர்

மிதிக்கச் சொல்லும் கட்சிக்குக் கிடைத்துள்ள வலுவான சான்று காரிலிருந்து வரவில்லை, விமானத்திலிருந்து வருகிறது. லைகமிங் போன்ற சிறு விமான இன்ஜின் நிறுவனங்கள், புதிய அல்லது புதுப்பித்த சிலிண்டர்களைப் பழக்கும்போது ஏறத்தாழ 65 முதல் 75 சதவீதத் திறனில் பறக்கச் சொல்கின்றன. குறைந்த திறனில் நெடுநேரம் ஓட்டுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. சேர்மம் கலக்காத மினரல் ஆயிலை முதல் 50 மணி நேரமோ, ஆயில் செலவு நிலைப்படும் வரையோ பயன்படுத்தச் சொல்கின்றன. இங்கே ‘ரிங் செட் ஆனது’ என்பதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது: மணிக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று அளந்து, அது இறங்கி நிலைத்துவிட்டால் முடிந்தது. கார் உலகில் இப்படி அளந்து பார்க்கும் பழக்கம் அநேகமாக இல்லை.

ஜெனரேட்டர்களும் இதே திசையில் சாட்சி சொல்கின்றன. பெரிய டீசல் ஜெனரேட்டரை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பாரத்தில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத எரிபொருளும் கரியும் புகைக்குழாயில் சேரும். சிலிண்டர் சுவர் மெழுகும். மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில், தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வாங்கி வைத்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

2000-களில் இந்தக் கருத்து இணையம் வழியே மோட்டார் சைக்கிள்காரர்களிடம் வேகமாகப் பரவியது. முதல் 20 மைலுக்குள் பாரம் கொடுத்து முடுக்கி, உடனே விட்டு, மறுபடி முடுக்கினால்தான் ரிங் பதியும், அந்த வாய்ப்பு நழுவினால் திரும்பாது என்றது அந்த முறை. அதற்குக் காட்டப்பட்ட ஆதாரம் பெரும்பாலும் பிரித்த பிஸ்டன்களின் படங்களும் பந்தய மெக்கானிக்கின் அனுபவமும். பந்தய இன்ஜின் சில மணி நேரம் உச்சத்தில் ஓடினால் போதும். நாமக்கல்லிலிருந்து ஈரோட்டுக்குத் தினமும் போய்வரும் கார் பதினைந்து ஆண்டு ஓட வேண்டும். இரண்டுக்கும் வெற்றி என்பதன் பொருளே வேறு.

ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டிய வண்டி என்றென்றைக்கும் மந்தமாகிவிடும் என்ற உள்ளூர் நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிங் சரியாகப் பதியாவிட்டால் அழுத்தம் கசிந்து இழுவை சற்றுக் குறையலாம் என்ற அளவில் அதில் உண்மையின் சாயல் உண்டு. ஆனால் இன்றைய காரில் மந்தமாகத் தோன்றுவதற்கு, ஓட்டுநரின் கால் பழக்கமும் கட்டுப்பாட்டுக் கணினியின் அமைப்பும் இன்னும் எளிய விளக்கங்கள்.

கையேடுகள் சொல்வது

சுசுகி கார்களின் கையேடுகள் முதல் 960 கிலோமீட்டருக்கு முழு முடுக்கத்தையும் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதையும் தவிர்க்கச் சொல்கின்றன. டொயோட்டா முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம், முதல் 1,000-க்கு அதிவேகமும் ஒரே சீரான வேகமும் வேண்டாம் என்கிறது. ஹோண்டாவும் ஆயிரத்தை ஒட்டியே நிற்கிறது. பி.எம்.டபிள்யூ. 2,000 கிலோமீட்டர் கேட்கிறது. ஆனால் அதன் வரம்பு பெட்ரோல் கார்களுக்கு 4,500 சுற்று, மணிக்கு 160 கிலோமீட்டர். நம் நாட்டில் எந்தச் சாலையிலும் சட்டப்படி தொட முடியாத வேகம் அது. போர்ஷே 3,000 வரை போகிறது.

இந்த எண்களை அளந்து கண்ட எல்லைகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 960 என்பது 600 மைலின் மாற்று. 300, 1,000, 2,000 எல்லாமே ஓட்டுநர் மறக்காமல் இருக்கச் சௌகரியமான உருண்டை எண்கள். அவற்றில் இன்ஜினோடு பிரேக், டயர், கியர் பல்சக்கரம் எல்லாவற்றின் பழகுதலும் கலந்திருக்கிறது. திடீர் பிரேக் வேண்டாம் என்பது இன்ஜினைப் பற்றியதே அல்ல. உற்பத்தியாளர் காரணம் சொல்வதில்லை, விதி மட்டும் சொல்கிறார். வாரண்டிப் பொறுப்பு அவருடையது என்பதால் விதி எச்சரிக்கையின் பக்கம் சாய்வது இயல்பு.

இருந்தும் பல கையேடுகளில் பொதுவாக வரும் ஓர் அறிவுரையை இரு கட்சிகளுமே கவனிக்கவில்லை: வேகத்தை மாற்றிக்கொண்டே இரு. அறுபதில் ஒட்டவைத்ததுபோல் நாள் முழுக்க ஓட்டுவதும் கையேட்டின்படி தவறுதான். தொப்பூரிலிருந்து கரூர்வரை நான்கு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் போவதைவிட, ராசிபுரம், திருச்செங்கோடு ஊர்ச் சாலைகளில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுவது புது இன்ஜினுக்கு நல்லது என்று இதிலிருந்து பெறலாம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை முதல் வாரமே ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு, இன்ஜின் சூடேறிய பிறகு, தாழ்ந்த கியரில், திணறவிடாமல் ஏறினால் தடையில்லை என்று இதே தர்க்கம் சொல்லும். உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஏற்றுவது எந்தக் கட்சிக்கும் உடன்பாடல்ல.

முதல் ஆயில்

தேய்ந்த மேடுகளின் உலோகத் தூள் எங்கே போகிறது? ஆயிலுக்குள். அதனால் ஐந்நூறிலோ ஆயிரத்திலோ ஆயிலை மாற்றிவிடு என்பது பட்டறைகளின் உறுதியான நிலை. பழைய வண்டிகளின் முதல் இலவச சர்வீசில் அதுதான் முக்கிய வேலை. இன்று பல நிறுவனங்கள் முதல் சர்வீசில் வெறும் பார்வையோடு அனுப்பிவிடுகின்றன. ஹோண்டா போன்றவை முன்கூட்டி மாற்றாதே என்றே சொல்கின்றன.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. தூளில் பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது. முதல் ஆயிலில் பழகுதலுக்கு உதவும் சேர்மங்கள் இருந்தால் அதைச் சீக்கிரம் வடித்துவிடுவது வீண். எனினும் ஃபில்டருக்குத் தப்பும் நுண்துகள்கள் உண்டு. முன்கூட்டி மாற்றுவதால் பெரும் கேடு வரும் என்று நம்பக் காரணம் குறைவு; செலவு சில ஆயிரம் ரூபாய். இந்த ஒரு விஷயத்தில் பட்டறைப் பழக்கத்தை எள்ளி நகையாட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

இங்கே ஒரு முரணையும் குறிப்பிட்டாக வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சங்ககிரிப் பக்கத்திலும், வெள்ளைக்கல் சுரங்கம் உள்ள சேலத்துச் சுற்றுப்புறத்திலும் காற்றில் தூசு அதிகம். ஏர் ஃபில்டர் வழியே புகும் மணல் துகள் சிலிண்டரை எப்படித் தேய்க்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட ஒன்று. முதல் ஆயிரம் கிலோமீட்டரைக் கண்ணும் கருத்துமாகக் கழித்துவிட்டு, அடுத்த மூன்று வருடம் ஏர் ஃபில்டரைத் திறந்தே பார்க்காதவர்கள் இங்கே ஏராளம்.

இன்னும் திறந்திருப்பவை

நிறுவப்பட்டவற்றை முதலில் பிரித்து வைக்கலாம். ரிங் பதிய வாயு அழுத்தம் வேண்டும். இன்ஜின் சூடேறும் முன் கடும் பாரம் கூடாது. நெடுநேரம் ஐடிலில் விடுவது எந்த முறையிலும் நன்மை தராது. இந்த மூன்றிலும் ஆய்வகமும் விமானக் கொட்டகையும் லாரிப் பட்டறையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

நிறுவப்படாதது, இன்றைய ஒரு காரில் இதெல்லாம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பது. ஒரே மாதிரியான பல கார்களை இரு விதமாகப் பழக்கி, இரண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஒரே சாலையில், ஒரே ஆயிலில் ஓட்டி, பிரித்து அளந்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு ஆகும் பணமும் ஆண்டுகளும் காரணமாக, பொதுவெளியில் இத்தகைய ஒப்பீடு அரிது. சோதனைகளில் உறுதியாகக் காண முடிவது முதல் சில மணி நேரத்து மாற்றங்கள்தான். அவை பத்தாம் ஆண்டில் ஆயில் செலவாகத் தெரியுமா, அல்லது பராமரிப்பின் ஏற்ற இறக்கத்தில் கரைந்துபோகுமா என்பது ஊகத்துக்கு உரியது. கரைந்துபோகும் என்று நினைக்கவே அதிகக் காரணம் இருப்பதாகப் படுகிறது. மறுக்கும் தரவு வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய கருத்து அது.

புதிய கேள்விகளும் வந்துவிட்டன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், நேரடி ஊசிமுறையும் டர்போவும் கொண்ட சிறு பெட்ரோல் இன்ஜின்கள் பெருகியுள்ளன. சின்னக் கொள்ளளவில் பெரிய அழுத்தம் தாங்கும் இவற்றுக்கு, மெல்லிய ஆயிலோடு, பழைய விதிகளில் எது பொருந்தும் என்பது தெளிவாகவில்லை. ஹைபிரிட் கார் இன்னும் சிக்கல்: ஓட்டுநர் மெல்ல மிதித்தாலும் கடுமையாக மிதித்தாலும், இன்ஜின் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு பாரம் ஏற்க வேண்டும் என்பதில் பெரும்பங்கைக் கணினியே தீர்மானிக்கிறது. அந்த வண்டியில் ரன்னிங் இன் செய்பவர் யார் என்ற கேள்விக்குக் கையேடுகள் இன்னும் பழைய வாக்கியங்களாலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.